காலியாக விட்ட கட்டம்

மார்கழி 1, செவ்வாய்

மார்கழியில் யாரும் பெண் பார்க்கப் போவதில்லை. அதனால் ‘இணைமாலை’ திருமணத் தகவல் நிலையத்தில் இந்த ஒரு மாதம் எனக்குத்தான் முகூர்த்தம். பதினோரு மாதம் ஓடிக் களைத்த, வரன் விவரங்கள் எல்லாம் கிடக்கும் டேட்டாபேஸைப் பிரித்துத் துடைத்து, தை பிறப்பதற்குள் திரும்ப ஓடவிட வேண்டும். செய்வதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லிவிட்டார் முதலாளி சென்னியப்பன் ஐயா. அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அதில் எழுத முடியாதவை இங்கே.

முதல் வேலையாக ஒரு பழைய பேக்கப் நகலைத் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை. டிஸ்க் நிரம்பிப் போய், ஐப்பசியிலிருந்தே எல்லாம் பாதி பாதியாகத்தான் விழுந்திருக்கிறது. இரண்டு மாதமாக எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இடத்தைக் காலி செய்து, புதிதாக ஒன்று எடுத்து, திறந்தும் பார்த்துவிட்டேன். ஐயாவிடம் சொல்லவில்லை.

மார்கழி 2, புதன்

பதிவிலிருக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்காரர் போனில் கத்தியிருக்கிறார். அவர் மனைவிக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது, நாங்கள் இன்னும் மாப்பிள்ளை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். தேடினால் அந்தப் பெண் இரண்டு முறை பதிவாகியிருக்கிறாள். ஒன்று கௌசல்யா. இன்னொன்றில் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ எழுத்தைத் தட்டிய கெளசல்யா. முன் மேசையில் பதிவு போடும் ஜெயசுதா திரையை உற்றுப் பார்த்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே சார்?”

“நமக்கு ஒண்ணு. மெஷினுக்கு ரெண்டு பொம்பளைங்க.”

இதுபோல முப்பத்தேழு பேர். கௌரி, கௌதமன், சௌந்தரம் என்று ஒவ்வொருவரையும் ஒற்றை ஆளாக்கினேன். பாதி நாள் போய்விட்டது.

மாலையில் ஐயா கூப்பிட்டார். ஐந்து வருடத்துக்கு மேலாகியும் ஒரு பதில்கூட வராத பதிவுகளைத் தை ஒன்றாம் தேதி எடுத்துவிட வேண்டுமாம். “செத்த பதிவுங்க தம்பி. எடத்த அடச்சுக்கிட்டு நிக்குது.”

அந்தக் கணக்கில் என் அக்கா செந்தாமரையின் பதிவும் வரும். ஆறு வருடம் ஆகிறது. சரிங்க ஐயா என்றேன்.

மார்கழி 5, சனி

அக்கா எங்கள் வீட்டுக்குப் பின்போர்ஷனில் இருக்கிறாள். வயது நாற்பத்தைந்து. ஊருக்கு வெளியே கால்நடை மருந்தகத்தில் மருந்தாளுநர். மாடு உதைத்து இரண்டு முறை கையில் கட்டுப் போட்டிருக்கிறாள், இரண்டு முறையும் மாட்டின் பக்கம்தான் நியாயம் என்றாள்.

அப்பா ஒரு சாதி, அம்மா வேறு சாதி. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு ஈரோட்டில் குடியேறியவர்கள். எனக்குச் சிரமம் இல்லை, நானே ஒருத்தியைப் பார்த்து, பேசி, கட்டிக்கொண்டேன். அக்காவுக்கு அது வரவில்லை. வந்த தரகர்கள் எல்லோரும் முதல் கேள்வியிலேயே எழுந்து போனார்கள். இந்த நிலையத்துக்கு நான் மென்பொருள் எழுத வந்தபோது, சாதிக் கட்டத்துக்குக் கீழே ‘விருப்பமில்லாதவர்கள் காலியாக விடலாம்’ என்று ஒரு வரி போட்டே ஆக வேண்டும் என்று ஐயாவிடம் சண்டை பிடித்தேன். அது யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. முதல் வாரமே அக்காவைப் பதிந்தேன்.

இன்று காலை என் மனைவி ரேணுகா கடைக்குக் கிளம்பும்போது, “அண்ணி, டை ஒரு பாக்கெட்டுங்களா ரெண்டுங்களா?” என்று பின்பக்கம் குரல் கொடுத்தாள்.

“வேண்டாம் ரேணு. இனி எதுக்கு? நரைச்சா நரைச்சுட்டுப் போவுது.” பிறகு என்னிடம் சொன்னாள்: “தம்பி, தை பொறந்ததும் என்ற பதிவையும் எடுத்துரு. மாசாமாசம் அந்தச் சைபரத் தொறந்து பாக்க முடியல.”

அவரவர் பக்கத்தில் ‘விருப்பம் தெரிவித்தவர்கள்’ என்று ஓர் எண் தெரியும். அக்காவுடையது ஆறு வருடமாக 0. எடுத்துவிடலாம் அக்கா என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்கழி 8, செவ்வாய்

மார்கழியிலும் ஓர் ஆள் வந்துவிட்டார். வையாபுரி, வயது முப்பத்தெட்டு, விசைத்தறி மெக்கானிக். அவருக்கும் ஆறு வருடமாக 0. ஜெயசுதா பக்குவமாக, எல்லாத்துக்கும் நேரம் வரோணுமுங்க என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் நேராக என் அறைக்கு வந்து நின்றார்.

“நீங்கதானுங்க இத ஓட்டறவரு? எத்தன பேரு விருப்பம் சொன்னாங்கன்னு காட்டறீங்க. எத்தன பேத்துக்கு என்ற விவரத்த அனுப்புனீங்கன்னு காட்டலீங்களே?”

“அது உள்ளுக்குள்ள இருக்குமுங்க. வெளியே காட்ட மாட்டோம்.”

“பாத்துச் சொல்லுங்க. தறி நின்னு போச்சுன்னா தலையெழுத்துன்னு ஆருங்க விடுவாங்க? எங்கியோ ஒரு சக்கரத்துல பல்லு தேஞ்சிருக்கோணும்.”

அவருடைய படிவத்தை எடுத்தேன். சாதிக் கட்டம் காலி. விருப்பமில்லையா என்று கேட்டேன். “விருப்பமில்லாம இல்லீங்க. தெரியாது. நான் அனாதை ஹோமுல வளந்தவன்” என்றார், ரத்த வகை தெரியாது என்பது மாதிரி.

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். என் மென்பொருளைத் தறியோடு சேர்த்துவிட்டார்.

மார்கழி 9, புதன்

வையாபுரியின் விவரம் அனுப்பப்பட்டவர்கள்: ஒருவருமில்லை. ஆறு வருடத்தில் ஒருவரும் இல்லை.

மெயில் போகாமல் இருந்திருக்கும். நாளை பார்க்க வேண்டும்.

மார்கழி 11, வெள்ளி

மெயில் இல்லை. அனுப்பும் பட்டியலிலேயே ஆள் இல்லை.

வரன் பொருத்தும் குவெரியை, அதாவது தேடும் கட்டளையை, நான்தான் எழுதினேன். அதை வரிவரியாகக் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். வையாபுரிக்கு வயது மட்டும் பார்த்தால் நானூற்றுச் சொச்சம் பெண்கள். பக்கத்து மாவட்டங்கள் என்று சேர்த்தால் நூற்று அறுபது. படிப்பையும் சேர்த்தால் தொண்ணூறு. கடைசி வரி: பையனின் சாதியும் பெண்ணின் சாதியும் சமமாக இருக்க வேண்டும். அதை மாட்டியதும் பூஜ்யம்.

அந்தத் தொண்ணூறு பேரில் பத்துப் பெண்கள் அவரைப் போலவே கட்டத்தைக் காலியாக விட்டவர்கள். காலியும் காலியும் சமம்தானே, அவர்களாவது வந்திருக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆனால் டேட்டாபேஸுக்குக் காலிக் கட்டம் என்றால் ‘தெரியாது’ என்று பொருள். எங்கள் தொழிலில் அதற்கு ‘நல்’ என்று பெயர். தெரியாததும் தெரியாததும் சமமா என்று கேட்டால், அது ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அதுவும் தெரியாது என்று சொல்லி இரண்டு பேரையும் ஒதுக்கிவிடும். பாடப் புத்தகத்தில் மூன்றாவது அத்தியாயத்திலேயே இருக்கும் விஷயம். நேர்காணலுக்கு வரும் பையன்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

காலியாக விட்டவர்கள் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். அவர்களில் ஒருவருடைய பெயரும் இன்னொருவருக்குப் போனதில்லை. வையாபுரியைத் தவிர ஒருவரும் வந்து கேட்டதுமில்லை. தங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார்கள்.

ஜெயசுதா திரையில் ‘நல்’ என்று வரிசையாக இருந்ததைப் பார்த்து, “நல்லங்கறதுல பாதி விட்டுப்போச்சுங்களா சார்?” என்று கேட்டாள். டீ குடிக்கப் போய்விட்டேன்.

மார்கழி 12, சனி

வேலைக்குப் போகவில்லை. தலைவலி.

மார்கழி 13, ஞாயிறு

அலுவலகம் பூட்டிக் கிடந்தது. சாவி வாங்கிப் போனேன். அக்காவின் பதிவைத் திறந்தேன்.

செந்தாமரை ர. சாதி: நல். அனுப்பப்பட்டவர்கள்: ஒருவருமில்லை. போட்டோ மாற்றப்பட்ட தேதிகள் மூன்று. மூன்று முறையும் ஏற்றியது நான்தான். முதலாவது வீட்டில் எடுத்தது. ஒரு வருடம் கழித்து ஸ்டுடியோவில். அதற்கும் ஒன்றும் வரவில்லை என்று பச்சைப் பட்டுப்புடவையில் இன்னொன்று. மூன்றாவதுக்கு ரேணுகாவின் தோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். “இதுல கொஞ்சம் பரவால்லியாடா?” என்று என்னிடம் கேட்டாள். நல்லாருக்கு என்று சொல்லி ஏற்றினேன்.

‘இரண்டு கட்டமும் காலியாக இருந்தாலும் பொருத்தமே’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஓடவிட்டேன். அக்காவுக்குப் பதினோரு பேர். இவர்களில் ஆறு பேர் அவள் பதிந்த வருடத்திலேயே இருந்தவர்கள். அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது.

வையாபுரி அந்தப் பட்டியலில் இல்லை, வயது இடிக்கிறது. இருந்திருந்தால் கதை மாதிரி ஆகியிருக்கும்.

மார்கழி 15, செவ்வாய்

ஐயாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், பயந்துவிட்டார்.

“வெளிய சொல்ல வேண்டாமுங்க தம்பி. சத்தமில்லாம சரி பண்ணிருங்க. வரன் வந்தா சந்தோசப்படப் போறாங்க. ஏன் இத்தன நாளா வரலீன்னு ஆரும் கேக்கப் போறதில்ல.”

இந்த இருநூற்றுப் பதினான்கு பேரை மட்டும் நீக்க வேண்டாம் என்று கேட்டேன். அதற்கு ஒத்துக்கொண்டார். எனக்கும் அந்த ஏற்பாடு வசதியாகத்தான் இருந்தது. தையில் அக்காவுக்குத் திடீரென்று நாலைந்து பேர் விருப்பம் தெரிவிப்பார்கள். நேரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை.

மார்கழி 17, வியாழன்

புது வரியைச் சேர்த்ததிலிருந்து குவெரி ஆமை வேகத்தில் நகர்ந்தது. சாதிக் கட்டத்துக்கு இன்டெக்ஸ் என்னும் தேடல் அட்டவணை போட்டு, பழைய இரண்டைத் தூக்கிய பிறகு சரியானது. நாலு நிமிடம் எடுத்தது இப்போது இரண்டு விநாடி.

ஆங்கிலப் புத்தாண்டு. அக்கா கேக் வாங்கி வந்தாள். அவள் பிரசவம் பார்த்த எருமைக்கு அவள் பெயரையே வைத்துவிட்டார்களாம். “செந்தாமரை பால் பீச்சலாம் வான்னு கூப்புடறாங்கடா. நானும் திரும்பிப் பாத்துத் தொலைக்கறேன்” என்று சொல்லிச் சிரித்தாள். காதோரம் நரை நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து, கேக் நல்லாருக்கு என்றேன்.

மார்கழி 20, ஞாயிறு

மறுபடி சாவி வாங்கி அலுவலகத்தைத் திறந்து, வையாபுரியை வரச் சொல்லி, பத்துப் பெண்களின் விவரத்தைக் கையிலேயே கொடுத்தேன். அவர் பட்டியலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“எங்க தேஞ்சிருந்துச்சுங்க?”

ஐயா சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் அவர் கேட்ட விதத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை. “நான் எழுதுனதுலதானுங்க. ஒரு வரி தப்பு. காலியா விட்டவங்க பேரு ஆருக்குமே போகல.”

அவர் பட்டியலை மேசைமேல் வைத்தார். பிறகு, “ஆறு வருசமுங்க” என்றார். “சண்ட போடலாம்னு இருக்குது. ஆனா, கண்டுபுடிச்சவரும் நீங்கதானுங்களே.” பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று அதை விரித்துப் படித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மார்கழி 23, புதன்

ரேணுகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்தவில்லை.

“அண்ணிகிட்டச் சொல்லீட்டீங்களா?”

“தையில தானா வரன் வரும். எதுக்குப் போட்டுக் கிளறணும்?”

“வந்தா அவங்க பாக்கோணுமில்ல? பதிவ எடுக்கச் சொல்லியாச்சு. போன மாசத்தோட அந்தப் பக்கத்தத் தொறக்கறதையே உட்டுட்டாங்க.” பிறகு தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். “உங்களுக்கு அண்ணி திட்டுவாங்கன்னு பயம். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் இல்லை. திட்டினால் தாங்கிக்கொள்வேன். முப்பத்தொன்பது வயதை எனக்குத் திருப்பிக் கொடு என்று கேட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். ரேணுகாவிடம் அதைச் சொல்லவில்லை.

மார்கழி 25, வெள்ளி

டெட்லாக். ஜெயசுதா ஒரு பதிவைப் பிடித்துக்கொண்டு, நான் பிடித்திருந்த பதிவுக்காகக் காத்திருந்தாள். நான் அவள் பிடித்திருந்ததற்காகக் காத்திருந்தேன். இரண்டும் அசையவில்லை. ஒருவருடையதை ரத்து செய்தால்தான் நகரும். என்னுடையதை ரத்து செய்தேன்.

மார்கழி 29, செவ்வாய்

மத்தியானம் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். கோயிலில் கொடுத்த வெண்பொங்கலை அண்டாவோடு தின்றுவிட்டு வயிறு ஊதிப்போன ஓர் ஆடு, அதைவிடக் கவலையாக ஆட்டுக்காரர் ஒருவர். அக்கா மருந்து பாட்டிலோடு நின்றாள்.

“வந்துட்டியா? செரியான நேரம். இந்தத் தலையப் புடி.” ஆட்டுக்காரரிடம், “நீங்க போயி ஒரு வாளித் தண்ணி கொண்டாங்க” என்றாள்.

ஆட்டின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இனிமேல் ஓடிப்போக முடியாது என்று தெரிந்ததும் வார்த்தை வந்துவிட்டது.

“அக்கா, உன்ற பதிவு…”

“எடுத்துட்டியா?”

“இல்ல. அது ஆருக்கும் போகவே இல்லக்கா.”

“ஆட்ட நல்லாப் புடிடா.”

மருந்தை ஊற்றினாள். நான் சொல்லிக்கொண்டே போனேன். காலியாக விட்ட கட்டம், நான் எழுதிய வரி, இருநூற்றுப் பதினான்கு பேர், எல்லாவற்றையும் ஆட்டின் காதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஆட்டுக்காரர் வாளியோடு வந்தார். ரெண்டு நாளைக்கு அரிசிப் பக்கமே விடாதீங்க என்று அவரிடம் சொல்லி அனுப்பினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். இன்னொரு முறையும் சோப்புப் போட்டாள்.

“ஒருத்தருக்குங்கூடப் போகலியா?”

“இல்லக்கா.”

“அப்ப அந்தச் சைபரு?”

“அனுப்புனாத்தான ஆராச்சும் விருப்பம் சொல்லுவாங்க? அனுப்பவே இல்ல. என்ற தப்பு. ஆறு வருசமா.”

குழாயை மூடிவிட்டு மருந்துப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். எதற்கும் தயாராக நின்றேன்.

“அப்ப என்னைய ஆரும் வேண்டாம்னு சொல்லல.”

“சொல்லலக்கா.”

“பாத்துட்டு வேண்டாம்னு சொன்னவங்க ஒருத்தருங்கூட இல்ல.”

“ஒருத்தரும் இல்ல.”

அக்கா அழுதாள். அம்மா போனபோது அழுததற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். கையில் மருந்து வாடை போகாததால் முழங்கையை மடக்கிக் கண்ணைத் துடைத்தாள், அது சரியாகத் துடைக்கவில்லை, என் கைக்குட்டையைக் கொடுத்தேன். போன ஆறு வருடத்துக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். அப்படி இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. நான் இந்த மாதம் முழுக்க வருடங்களையே எண்ணிக்கொண்டிருந்தேன், அவள் எண்ணிக்கொண்டிருந்தது வேறு.

“என்னையத் திட்டுக்கா” என்றேன்.

“திட்டறேன், இரு. மொதல்ல இதக் கொஞ்ச நேரம் வெச்சுக்கறேன்.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த மாடு வரும் வரைக்கும் அவள் திட்டவில்லை.

தை 1, வியாழன்

பொங்கல் பானையை இறக்கி, சூரியனுக்குப் படைத்து, சாப்பிட்டு முடித்ததும் அக்கா பட்டியலைக் கேட்டாள். அச்செடுத்து வைத்திருந்தேன். பதினோரு பேர், பெயர், ஊர், வேலை, போட்டோ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெயிலில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டாள். ஒரு பெயரிலும் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று ரேணுகா ஏற்கெனவே எச்சரித்திருந்தாள்.

நாலாவது ஆளிடம் நின்றாள். “இவரு போட்டோவுலயே முறைக்கறாரு. வேண்டாம்.” நீளமாக ஒரு கோடு போட்டாள். ஏழாவது ஆள், மாடு ஆடு என்றாலே அலர்ஜி என்று எழுதியிருந்தார். “ஐயோ பாவம், வேண்டாம்.” இன்னொரு கோடு.

ஒன்பதாவது ஆளை நான் எட்டிப் பார்த்தேன். நல்ல வேலை, சொந்த வீடு, முகமும் சாந்தமாகத்தான் இருந்தது. அக்கா அந்தப் போட்டோவை வெயிலில் சாய்த்து நிதானமாகப் பார்த்தாள்.

“வேண்டாம்” என்றாள்.

ஏன் என்று கேட்டேன். ரேணுகா என்னை முறைத்தாள்.

“சும்மாதான்டா” என்றாள் அக்கா. கோட்டைப் போட்டுவிட்டு, பேனாவை மூடி, இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தாள். “வேண்டாம்.”